8 வயசு பையனை மான் வேட்டைக்குக் கூப்பிடறாங்க, அனுப்பலாமா? (விஸ்கான்சின்)

ஃபாக்ஸ்ரிவர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க விஸ்கான்சின்ல கிரீன் பே பக்கம் இருக்கோம், ஊருக்கு இன்னும் புதுசுதான். பையன் மூணாங்கிளாஸ், 8 வயசு. அவன் க்ளோஸ் ஃப்ரெண்டோட அப்பா ஸ்கூல் பிக்கப்ல என் வீட்டுக்காரரைப் பார்த்து, அக்டோபர்ல சின்னப் பசங்களுக்குன்னே ரெண்டு நாள் மான் சீசன் விடுவாங்க, நான் என் பையனைக் கூட்டிட்டுப் போறேன், உங்க பையனும் வரட்டும், அதுக்கு முன்னாடி ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் சுடவும் சொல்லித் தரேன்னு சொல்லியிருக்கார். இவர் சூப்பர், அனுப்பலாம்னு வந்து நிக்கறார். எனக்கு வயித்தைக் கலக்குது. நல்ல குடும்பம்தான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அந்தப் பையன் எங்க வீட்டுல உக்காந்து தோசை சாப்பிட்டுட்டுப் போறவன். இங்க எல்லாரும் இப்படித்தான் வளர்றாங்களாம், நவம்பர் சீசன் வந்தா பாதிப் பசங்க லீவுன்னு டீச்சரே சிரிச்சுக்கிட்டு சொல்றாங்க. வேண்டாம்னு சொன்னா இவன் மட்டும் தனியா நிப்பானோன்னும் ஒரு பக்கம் இருக்கு. முதல்ல 8 வயசுல துப்பாக்கியைத் தொட சட்டம் விடுதா? யாராவது அனுப்பியிருக்கீங்களா?

சேலம்_சிவா:
இதுல கேக்க என்ன இருக்கு சிஸ்டர். தனியா கார் ஓட்ட 16 வயசு ஆகணும்னு சொல்ற ஸ்டேட்ல துப்பாக்கிக்கு மட்டும் 8 போதுமாம். 2014-ல அரிசோனாவுல 9 வயசுப் பொண்ணு கையில உஸி மெஷின்கன்னைக் குடுத்து, அது எகிறி மேல தூக்கி, பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்த இன்ஸ்ட்ரக்டர் தலையிலயே பாய்ஞ்சு ஆள் போயிட்டார். அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு. எங்க வீட்டுல பழக்கம் இல்லைங்கன்னு சொல்லிட்டு ஜோலியைப் பாருங்க.

வடகாட்டு_வேலு:
சிவா ப்ரோ, அரிசோனா கேஸையும் இதையும் ஒண்ணாப் போடாதீங்க. அது டூரிஸ்டுங்க கிட்ட காசு வாங்கிட்டு மெஷின்கன் சுட விடற இடம். 2008-ல மாசசூசெட்ஸ்ல ஒரு கன் ஷோவுலயும் இதே கதைதான், 8 வயசுப் பையன் மைக்ரோ உஸியைப் பிடிக்க முடியாம தன்னையே சுட்டுக்கிட்டான். ரெண்டுலயும் குழந்தையால அடக்க முடியாத ஆட்டோமேட்டிக்கைக் கையில குடுத்தாங்க. மான் வேட்டைக்குப் பசங்க தூக்கறது 243 ரைஃபிள், இல்லைன்னா 20 கேஜ் ஷாட்கன். அதுவும் ஆளைக் கொல்லும்தான், ஆனா கையை மீறி தானா சுட்டுக்கிட்டே போகாது.

நான் இதே ஸ்டேட்ல வடக்குப் பக்கம், மனைவி இந்த ஊர்க்காரி, மாமனார் வீட்டுல நாலு தலைமுறையா வேட்டை. எங்க பொண்ணு 10 வயசுல இருந்து கூட வர்றா. அதனால தெரிஞ்சதைச் சொல்றேன். முன்னாடி இங்க 10 வயசு ஆனாத்தான் மென்டரோட (கூடவே இருந்து பார்த்துக்கற பெரியவர்) வேட்டைக்குப் போக முடியும். 2017 நவம்பர்ல அப்போ கவர்னரா இருந்த ஸ்காட் வாக்கர் கையெழுத்துப் போட்ட சட்டம் வயசு வரம்பையே தூக்கிடுச்சு, அந்த சீசன்லயே ஒரு வயசு ஆகாத கைக்குழந்தைங்க பேர்ல 10 லைசென்ஸ் வித்துச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துது. ஆக சட்டம் விடுது, ஆனா அந்த சட்டத்தோட லட்சணம் இதுதான். அதே சட்டத்துல இன்னொரு மாத்தமும் இருந்துது, அதைப் பத்தி அவ்வளவா யாரும் பேசல. முன்னாடி மென்டருக்கும் பையனுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான், இப்போ ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கலாம். என்னைக் கேட்டா வயசை எடுத்ததை விட இதுதான் மோசம். தன் கையிலயும் துப்பாக்கி இருக்கறவன் கண்ணு மானைத் தேடுமா பையன் விரலைப் பார்க்குமா?

உங்க விஷயத்துக்கு வரேன். மென்டர் எப்பவும் கை எட்டுற தூரத்துல இருக்கணும், ஒரு மென்டருக்கு ஒரு நேரத்துல ஒரு ஆள்தான். அவர் தன் பையனையும் உங்க பையனையும் கூட்டிட்டுப் போறேங்கறாரே, அப்போ ரெண்டாவது பெரியவர் யாரு? அதைக் கேளுங்க. அதுக்கு அவர் முழிச்சார்னா அனுப்பாதீங்க, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. எங்க உக்காரப் போறீங்கன்னும் கேளுங்க, மரத்துல கட்டுற ஸ்டாண்டுன்னா இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம், இங்க சீசன்ல குண்டடி படறவங்களை மட்டும்தான் நியூஸ்ல பார்க்கறோம், ஸ்டாண்டுல இருந்து விழுந்து இடுப்பு போனவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க.

ஹன்டர் எட் (வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி) க்ளாஸ்ல நாலு விதி சொல்லித் தருவாங்க, எந்தத் துப்பாக்கியும் லோடு ஆகியிருக்குன்னே நினை, குழலை ஆள் இல்லாத பக்கம் வை, எதைச் சுடறேன்னும் அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் பாரு, சுடற நேரம் வரைக்கும் ட்ரிகர் கார்டுக்குள்ள விரலை விடாதே. 8 வயசுப் பையன் இதை மனப்பாடமா ஒப்பிப்பான். ஆனா விடிகாலை அரை இருட்டுல நிஜ மான் வந்து நிக்கும்போது, நெஞ்சு படபடங்கும்போது, அந்த மூணாவது விதி ஞாபகம் வருமா, பெரியவங்களுக்கே வர மாட்டேங்குது.

எங்க பொண்ணு முதல் சீசன் துப்பாக்கியே தொடல. ஆரஞ்சு வெஸ்ட், ஆரஞ்சு தொப்பி, க்ளவுஸுக்குள்ள ஹேன்ட் வார்மர், தரையில போட்ட ப்ளைன்டுக்குள்ள (மான் கண்ணுல படாம ஒளிஞ்சு உக்கார்ற மறைவு) என் பக்கத்துல சின்ன ஸ்டூல்ல உக்காந்திருந்தா. காலையில மொத்தமும் சிப்ஸ் பாக்கெட்டைக் கரகரன்னு பிரிச்சா, ஒரு மான் கூட வரல. சாயந்தரம் நான் ஒரு பெட்டை மானைச் சுட்டேன். குடலை எடுக்க வயித்தைக் கீறினதும் அந்தக் குளிருக்கு உள்ளேருந்து ஆவி குபுகுபுன்னு வருது, அவ க்ளவுஸைக் கழட்டிட்டு விலாவுல கையை வெச்சு, அப்பா இன்னும் சூடா இருக்குப்பான்னா. கொஞ்ச நாள் கறியே தொடல, அப்புறம் அவளே கேட்டு சாப்பிட்டா. சும்மா கூட உக்காந்து பார்க்க லைசென்ஸ் தேவையில்ல. உங்க பையனுக்கு அது போதும்னு நினைக்கறேன்.

காரைக்குடி_ராசு:
வேலு சொல்றது சரி. நம்ம சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மாசி மாசம் பாரி வேட்டைன்னு ஊரே கிளம்பும், சின்னப் பசங்களும் பெரியவங்க பின்னாடி ஓடுவோம், ஆனா தடியும் வலையும் நாயும்தான். 1972 சட்டத்துக்கு அப்புறம் முயலைத் தொட்டாலும் கேஸு, ஃபாரஸ்ட்காரங்க இப்போ முன்னாடியே வந்து நிக்கறாங்க, அது வேற விஷயம். கோயில்ல கிடா வெட்டறதைப் பார்த்து வளர்ந்தவங்கதானே நாம, பையன் ரத்தம் பார்த்தா கெட்டுப் போயிட மாட்டான் தங்கச்சி.

சேலம்_சிவா:
அண்ணே கிடா வெட்டைப் பார்க்கறதும் அருவாளை 8 வயசுப் பையன் கையில குடுக்கறதும் ஒண்ணாண்ணே 😀

டெக்சாஸ்_வக்கீல்தம்பி:
எல்லாரும் வயசையே பேசறீங்க, விசாவை மறந்துட்டீங்க. ஊருக்குப் புதுசுன்னு சொல்றாங்க, அனேகமா எச்1பி, எச்4-ஆ இருக்கும். நான்-இமிக்ரன்ட் விசாவுல (எச்1பி, எச்4 மாதிரி தற்காலிக விசா) இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருந்தா ஃபெடரல் குற்றம் அக்கா. அதுக்கு இருக்கற முக்கியமான விலக்கு, இந்த நாட்டுல முறைப்படி வாங்கின ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா தப்பிச்சீங்க. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஃபெடரல் சட்டத்துல கைத்துப்பாக்கிக்கு 18 வயசுன்னு ஒரு வரம்பு இருக்கு (அதுலயும் அப்பா அம்மா எழுத்துல சம்மதம் குடுத்தா சில விலக்கு), ரைஃபிள், ஷாட்கன்னைக் குழந்தை கையில வெச்சுக்க குறைஞ்சபட்ச வயசே இல்ல, அதை ஸ்டேட்டுக்கு விட்டுட்டாங்க. ஆனா விசா விஷயத்துல அப்படி விடல.

அதனால காட்டை விட எனக்கு பயம் அந்த ரேஞ்ச் ட்ரிப்தான். லைசென்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே சும்மா நாலு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாம்னு போவாங்க, உங்க வீட்டுக்காரரும் ஆசையா வாங்கித் தோள்ல வெச்சு ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போடுவார். இரவல் துப்பாக்கிதானேன்னு எல்லாம் தப்பிக்க முடியாது, கையில இருந்தாலே வெச்சிருக்கறதாத்தான் கணக்கு. கிரீன் கார்டு க்யூவுல நிக்கறவங்க முதல்ல இமிக்ரேஷன் லாயருக்கு ஒரு மெயில் போடுங்க.

மில்வாக்கி_நர்ஸ்:
நான் குழந்தைங்க வார்டுல வேலை பார்க்கறேன். 2020-ல இருந்து இந்த நாட்டுல குழந்தைங்க, டீனேஜ் பசங்க சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான், கார் ஆக்சிடென்ட்டைத் தாண்டிடுச்சு. அதுல பெரும்பாலானது கொலையும் தற்கொலையும், வேட்டை இல்ல. அதனால நீங்க அந்த ரெண்டு நாளைப் பத்தி மட்டும் கேக்கறதுதான் எனக்கு உறுத்துது. மீதி வருஷம் பூரா உங்க பையன் அந்த வீட்டுல போய் விளையாடறான்ல? அங்க துப்பாக்கி எங்க இருக்கு, பூட்டியிருக்கான்னு எப்பவாவது கேட்டீங்களா?

2013-ல கென்டக்கியில 5 வயசுப் பையன், அவனுக்குன்னே கிஃப்டா வாங்கின சின்ன 22 ரைஃபிள், சும்மா மூலையில சாத்தி வெச்சிருந்தது, உள்ள ஒரு தோட்டா இருந்தது யாருக்கும் தெரியல, 2 வயசுத் தங்கச்சி போயிடுச்சு. காட்டுல நடக்கல, வீட்டுல. சொல்லிக் குடுத்துட்டா தொட மாட்டான்னு நம்பறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2001-ல ஒரு ஆராய்ச்சி வந்துது, 8-ல இருந்து 12 வயசுப் பசங்களை ஒரு ரூம்ல விட்டு ட்ராயர்ல நிஜ கைத்துப்பாக்கியை (சுட முடியாதபடி மாத்தினது) ஒளிச்சு வெச்சுப் பார்த்தாங்க. கண்டுபிடிச்ச பசங்கள்ல நிறைய பேர் எடுத்து விளையாடினாங்க, சிலர் ட்ரிகரையும் அழுத்திட்டாங்க. அப்படி எடுத்தவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல ஏற்கெனவே துப்பாக்கி பாதுகாப்பு பத்திப் பாடம் கேட்டவங்க!

குழந்தை டாக்டருங்க சங்கம் சொல்றது சிம்பிள், துப்பாக்கி வீட்டுல இல்லாம இருக்கறது நல்லது, இருந்தா தோட்டா எடுத்துட்டுப் பூட்டி வை, தோட்டாவைத் தனியா இன்னொரு இடத்துல பூட்டி வை. விஸ்கான்சின்ல 14 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு எட்டுற இடத்துல லோடு பண்ணின துப்பாக்கியை அலட்சியமா விட்டு, குழந்தை அதை எடுத்துச் சுட்டு யாருக்காவது அடிபட்டாலோ, பொது இடத்துக்கு எடுத்துட்டுப் போனாலோ, விட்டவங்க மேல கேஸே போடலாம். ப்ளேடேட்டுக்கு நட்ஸ் அலர்ஜி இருக்கான்னு கேக்கறோமே, அதே மூச்சுல இதையும் கேட்டுடுங்க, இந்த ஊர்ல யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வடகாட்டு_வேலு:
நர்ஸ் மேடம் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், அவங்க மான் கறி குடுத்தா வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. சிடபிள்யூடி (மானோட மூளையை அழிக்கற நோய்) டெஸ்ட் பண்ணாங்களா (2002-ல இருந்து இந்த ஸ்டேட் மான்ல அந்த நோய் இருக்கு, டெஸ்ட் ஃப்ரீதான்), ஈயத் தோட்டாவா காப்பர் தோட்டாவா. ஈயம் கண்ணுக்குத் தெரியாத துணுக்கா உடைஞ்சு கறியில ரொம்ப தூரம் பரவும், சின்னக் குழந்தைங்களுக்கு அது ஆகவே ஆகாது.

ஃபாக்ஸ்ரிவர்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நாங்க எச்1பிதான், தம்பி சொன்னதைப் படிச்சதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. ரேஞ்சு ப்ளான் கேன்சல். நேத்து அவங்க வீட்டுக்கே போய் நேராக் கேட்டுட்டோம். அவர் கோவமே படல, கேட்டது நல்லதுன்னு பேஸ்மென்ட்ல இருக்கற சேஃபைத் திறந்து காட்டினார், ரைஃபிள் எல்லாம் போல்ட் திறந்து வரிசையா நின்னுது, தோட்டா வேற பெட்டியில. ரெண்டாவது மென்டர் அவங்க அப்பா, அதாவது அந்தப் பையனோட தாத்தா, 70-க்கு மேல இருக்கும். ஆனா பேச்சோட பேச்சா, ட்ரக்ல ஒரு ஹேன்ட்கன் எப்பவும் இருக்கும், அதை நான் கணக்குலயே சேர்க்கறதில்லன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். அந்த ட்ரக்லதான் ரெண்டு பசங்களும் சாக்கருக்குப் போறாங்க. இப்போ வேட்டையை விட இதுதான் தலைக்குள்ள ஓடுது. இதை எப்படி சொல்றது?

மில்வாக்கி_நர்ஸ்:
இன்னிக்கே சொல்லுங்க. மெசேஜ் வேண்டாம், உங்க வீட்டுக்காரரே ஃபோன் பண்ணட்டும், சேஃபைக் காட்டினதுக்கு தேங்க்ஸ் சொல்லிட்டு, ட்ரக்ல இருக்கறதுக்கும் ஒரு சின்ன லாக்பாக்ஸ் சீட்டுக்கு அடியில கேபிள் போட்டுக் கட்டினா எங்களுக்கு நிம்மதின்னு சொன்னாப் போதும். துப்பாக்கியிலயே கோர்த்துப் பூட்டற கேபிள் லாக்கைப் பல ஊர்ல போலீஸ் ஸ்டேஷன்லயே ஃப்ரீயா தர்றாங்க. அவர் வாங்கி மாட்டற வரைக்கும் சாக்கருக்கு உங்க கார்லயே ரெண்டு பசங்களையும் கூட்டிட்டுப் போங்க.

வடகாட்டு_வேலு:
தாத்தா மென்டர்னா அவர் கண்ணாடி போட்டுக்கறாரான்னும் பார்த்துக்கோங்க. சீரியஸாத்தான் சொல்றேன்.