புதுப்பிப்பு: நண்பர்களோடு ஓய்வு நாள், ஹாமக் கட்டும் கோணம்

விடுமுறையில் ஒரு நாள் முழுக்க நண்பர்களோடு மரநிழலில் சும்மா படுத்திருப்பது பற்றி முன்பு எழுதியதில், ஹாமக்கை, அதாவது இரு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையை, விறைப்பாக இழுத்துக் கட்டச் சொல்லியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன்.

கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அப்போது 70 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 70 கிலோ இழுவைதான். 10 டிகிரியில் அதுவே சுமார் 200 கிலோ! முடிச்சு நழுவும், தையல் விடும்.

மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும், 2.5 செ.மீ. அகல நாடாவாவது சுற்றுங்கள். படுக்கும்போது நேராக அல்ல, சற்றுக் குறுக்காக. முதுகு வளையாது, அருமையாகத் தூக்கம் வரும். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் போதும்.

எத்தனை நண்பர்கள் வந்தாலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டவே வேண்டாம். கட்டும் முன் மேலே பட்ட கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.