புதுப்பிப்பு: குக்கர் கேக் விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்

அம்மா குக்கரில் செய்யும் கேக் சின்ன வயசிலிருந்தே எனக்கு இறங்காது, அதை எப்படிச் சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சொல்லிவிட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேடி" என்றாள், அவ்வளவுதான். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் ஆற்று மணல் பரப்பி, அலுமினியக் கிண்ணத்தை இறக்கி, சிறு தீயில் அவள் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அப்புறம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கருகிய ஓரத்தைத் தம்பி சுரண்டித் தின்பான். அப்பா காபியில் தோய்த்துச் சாப்பிடுவார். என் துண்டு தம்பி தட்டுக்குப் போனது அவளுக்கு அப்போதே தெரியுமாம்!

சோடா உப்பைக் கவனிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. சோடா உப்பு முழுதாக வேலை செய்யப் புளிப்பு வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் மாவிலேயே தங்கி, சோப்பு மாதிரி காறும். அம்மாவின் கணக்கில் மைதா, சர்க்கரை, டால்டா, முட்டை, பால் உண்டு. தயிர் கிடையாது. இந்த முறை பாலுக்குப் பதில் தயிர் ஊற்றினாள், காறல் சுத்தமாகப் போய்விட்டது.

ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. சூடாக இருக்கும்போது வரும் முட்டை வாடை ஆகவே மாட்டேன் என்கிறது. அதையும் சொன்னேன். இனி என் பிறந்தநாளுக்கு ரவா கேசரி, தம்பிக்கு மட்டும் கேக் என்று முடிவாகியிருக்கிறது.

மணலுக்குப் பதில் கல் உப்பு போடலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாகப் போடலாம்.