மண்டபத் திறப்பு: பூ அலங்காரத்துக்கு 1,80,000 ரூபாயா?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் மண்டபத் திறப்பு விழாவுக்காகச் செயலாளர் அண்ணாச்சி அனுப்பிய வசூல் மடலை நேற்று ராத்திரி வேலை முடிந்து வந்து படித்தேன். பணம் தரமாட்டேன் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அதில் ‘பூ அலங்காரம் 1,80,000’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஒரு நிச்சயதார்த்தம். மேடை முழுக்கக் கார்னேஷன், ஜெர்பரா. ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை நானே பார்த்தேன். இடையிடையே பிளாஸ்டிக் பூ வேறு. அன்றைக்கு மேற்குத் தெரு மைனி தோவாளைப் பூச்சந்தைக்குக் கொண்டுபோன அரளியில் பாதி விலை போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

முன்பெல்லாம் ஓணத்துக்கு அத்தம் பிறந்துவிட்டால் பூ வாங்கத் திருவனந்தபுரம் வண்டிகள் பத்து நாளும் வரிசையாக நிற்கும். இப்போது கேரளத்தில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களே கேந்தி, அதாவது துலுக்கச் சாமந்தி, போடுகிறார்கள். அவர்களும் பிழைக்கத்தானே வேண்டும், நல்லதுதான். ஆனால் 2018 வெள்ளத்தில் அங்கே அரசு ஓணக் கொண்டாட்டத்தை நிறுத்தியபோது நம் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பூவை நாமே வாங்கவில்லை என்றால் வேறு யார் வாங்குவார்கள்?

நம் மண்ணில் விளைவது பெரும்பாலும் உதிரிப்பூ. அரளி, பிச்சி, சம்பங்கி, கேந்தி எல்லாம் கட்டவும் கோக்கவும் உள்ளவை. அலங்காரக்காரர்கள் செல்போனில் படம் பார்த்து மேடை போடுகிறார்கள். படத்தில் இருப்பதோ நீளக் காம்புப் பூ. அதற்கு வெளியூர்ப் பூ வேண்டும், அதைக் குத்தி நிறுத்தப் பச்சை ஸ்பாஞ்ச் வேண்டும். அந்த ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக், மட்காது, பொடிப்பொடியாகி நம் வாய்க்காலில்தான் சேரும். செல்சி மலர்க் கண்காட்சி நடத்தும் சங்கம் இங்கே லண்டனில் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது.

மாலையை வைத்து மேடையை யோசித்தால் இந்தத் தொல்லையே இல்லை. மேடையின் பின்பக்கம் மாணிக்க மாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை சேர்த்துப் பாய் மாதிரித் தட்டையாகப் பின்னுவார்களே, பத்மநாபசாமி கோயிலுக்குப் போகும் மாலை, அதுதான். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 8 மாலையை நெருக்கமாகத் தொங்கவிட்டால் பின்னால் திரைத்துணியே வேண்டாம். தூண்களில் குருத்தோலை, கமுகம் குலை. மேசைக்கு வாழைத்தண்டுத் துண்டில் ஈர்க்கில் குத்தி அதில் கேந்தி. தண்டின் ஈரத்திலேயே ஒரு நாள் வாடாமல் நிற்கும். பந்தியில் மட்டும் அரளி கூடாது, அது விஷச்செடி. அங்கே துளசியும் மரிக்கொழுந்தும் போதும்.

என் மகள் கல்யாணத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பிச்சிச் சரத்தை முந்தின நாள் சாயங்காலமே விளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டேன். முகூர்த்தத்துக்குள் பழுத்துப்போனது. சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மொட்டிலேயே கட்டி, ஈரத்துணியில் மூடி வைத்துக் கடைசி ஒரு மணி நேரத்தில் தொங்கவிட வேண்டிய பூ அது. அரளியும் சம்பங்கியும் ராத்திரியே கட்டினாலும் தாங்கும். அப்புறம், தை மாதத்தில் மல்லியை நம்ப வேண்டாம். பனியில் மொட்டு குறையும், முகூர்த்த நாளில் கிலோ 2,000, 3,000 என்று ஏறிவிடும்.

மஸ்கட் அத்தான் கணக்குக் கேட்பார், கேட்கவும் வேண்டும். என் மகள் கல்யாணத்தில் பூவுக்கும் கட்டுக்கூலிக்கும் சேர்த்து எனக்கு 62,000 ஆனது. அதில் 24,000 கூலி, 8 பெண்களுக்கு 2 நாள். சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்புகிறேன். இப்போது விலை ஏறியிருக்கும், 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் பூ வந்தால்தான் ஊருக்குக் கௌரவம் என்று தெற்குத் தெரு மாமா எழுதியிருக்கிறார். மாமா, உங்கள் கல்யாண மாலையைக் கட்டியது என் அம்மா. விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்து கட்டினாள், நான் பக்கத்தில் இருந்து நார் கிழித்துக் கொடுத்தேன். அம்மா காசு வாங்கவில்லை. இத்தனை வருஷம் இதை நான் சொல்லிக்காட்டியதில்லை. உங்கள் மடலைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பங்கு 25,000. பூவை நம் தோவாளைத் தாலுகாவிலேயே வாங்குவது என்று முடிவானால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். மைனியிடம் பேசிவிட்டேன். 8 மாணிக்க மாலைக்கு ஆள் சேர்க்க வேண்டும், மார்கழி 15-க்குள் முன்பணம் வேண்டும் என்கிறாள். அண்ணாச்சி, அதற்கு முன்னால் ஒரு பதில் போடுங்கள்.

கிழக்குத் தெரு பூக்கட்டு வீட்டு மகள்,
லண்டன்