சொல்லே இல்லாத இசைக்கு ஏன் கண் கலங்குகிறது?

வைகைக்கரையான்:
சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மேலூர் தாண்டி, விடிவதற்குச் சற்று முன் யானைமலை நிழலாகத் தெரிந்தது. காதில் இரண்டு மணி நேர ட்ரான்ஸ் மிக்ஸ்; ட்ரான்ஸ் என்னும் மின்னணு நடன இசையை இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று கோத்த தொகுப்பு. தாளம் சட்டென்று நின்று, மெட்டு மட்டும் தனியே எழுந்தது. அழுதுவிட்டேன். மனத்தில் எந்தத் துயரமும் இல்லை. பாட்டில் ஒரு வரிகூட இல்லை. இதை இயந்திரச் சத்தம் என்பவர்கள் சொல்லுங்கள், அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது?

திருநகர் ரசிகர்:
உங்கள் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. அதை வரவழைத்த வழியில்தான் எனக்கு வருத்தம். நிமிடத்துக்கு 130, 140 தட்டு. நடுவில் தாளத்தை எடுத்துவிடுவது, ஒலியை ஏற்றிக்கொண்டே போவது, பிறகு தாளத்தை மறுபடி போடுவது. எல்லாம் ஒரே அச்சு. தோடி ராகத்தை ஆலாபனை செய்யும் நாதஸ்வரக்காரர் அடுத்த பிடியில் எங்கே போவார் என்று நமக்குத் தெரியாது. இங்கே அடுத்து வரப்போவது குழந்தைக்கும் தெரியும்.

வைகைக்கரையான்:
தெரிந்திருப்பதால்தான் உருகுகிறோம். அழகர் ஆற்றில் இறங்கும் நேரம் அழைப்பிதழிலேயே இருக்கிறது. ஆனாலும் விடிய விடிய மணலில் நிற்கிறோம். அந்தக் குதிரை தெரிந்ததும் தொண்டை அடைக்கிறது. சொல்லில்லாத இசையும் நமக்குப் புதிதல்ல. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிக்கிறார்களே, அதற்குச் சாகித்தியம் ஏது?

திருநகர் ரசிகர்:
மல்லாரியை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே தவில்காரர் நாதஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு வாசிக்கிறார். காலம், அதாவது வேகம், மாறும்போது இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். மனிதனுக்கு மனிதன் பதில் சொல்கிறான். ட்ரான்ஸில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

செல்லூர்த் தறி:
மிக்ஸ் செய்கிறவன் சொல்கிறான் ஐயா. நான் வீட்டில் ஆறு வருடமாக மிக்ஸ் செய்கிறேன். எங்கள் அப்பா நெசவாளி. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வோர் இழைமுனையோடும் புதுப் பாவின் இழையைப் பிணைப்பார். முடிச்சு துணியில் தெரியக் கூடாது. மிக்ஸும் அப்படித்தான். ஒன்று ஓய்வதற்குள் அடுத்ததை அடியில் நுழைக்க வேண்டும். வேகம் பொருந்தினால் மட்டும் போதாது. சுருதி ஒவ்வாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். மெலோடிக் புரோகிரஸிவ் என்ற இன்னொரு மின்னணு இசை வகையில் வேகம் குறைவு, பெரும்பாலும் 120ஐ ஒட்டி. அதனால் இந்தப் பிணைப்பை இரண்டு நிமிடம்கூட நீட்டலாம். பல டிராக்குகள் மைனர் ஸ்கேலில் இருக்கும்; நம் நடபைரவி ராகத்தின் சுரங்கள்தான் அவை. பழைய மெட்டு எப்போது போனது, புதியது எப்போது வந்தது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும் அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பஸ்ஸில் அவர் அழுததும் அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தால்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கேட்டால் அழுகை வராது.

திருநகர் ரசிகர்:
பாவு பிணைக்கும் கணக்கில் நான் இதுவரை கேட்டதில்லை. நீங்கள் செய்த மிக்ஸ் ஒன்றை அனுப்புங்கள். இடையில் நிறுத்தாமல் முழுதாகக் கேட்கிறேன். மல்லாரி விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.