பந்தய கிராவல் பைக்: டயருக்கான இடத்தை அளந்து தேர்ந்தெடுத்த அனுபவம்

சைக்கிள் வாங்கப் போகும் பலரும் முதலில் எடையை அறிய அதைக் கையால் தூக்கிப் பார்க்கிறார்கள். பந்தயத்துக்கென ஒரு வேகமான கிராவல் பைக்கை, அதாவது சரளை, மண் பாதைகளில் ஓட்டும் சைக்கிளைத் தேடியபோது, நான் வெர்னியர் அளவியுடன் போய் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே உள்ள இடத்தையும் பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள இடத்தையும் அளந்தேன். எவ்வளவு அகலமான டயர் உள்ளே போகும் என்பதே கிராவல் ஃபிரேமில் நான் பார்க்கும் முதல் எண். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும் அதன் பிறகு எவற்றைக் கவனித்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு பைக்குகளை ஒரே பாதையில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று எட்டுக் கிலோவுக்கும் குறைவானது, 40 மி.மீ. டயர் போட்டது, பார்த்தவுடன் ஆசை வரும். மற்றொன்று ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதல் எடையில், 50 மி.மீ. டயருடன் இருந்தது. மிதிக்கும் ஆற்றலை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் உள்ள என் பெடல்களை இரண்டிலும் மாற்றி மாட்டி, ஒரே வாட் அளவில் மிதித்தேன். தார்ச் சாலையிலும் இறுகிய மண்ணிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கனரக வண்டிகள் ஓடி ஓடி அலை அலையாக வரி விழுந்து கிடந்த நீண்ட பகுதியில்தான் இரண்டும் பிரிந்தன. எடை குறைந்த பைக்கில் கைகள் அதிர்ந்தன. இருக்கையில் உட்கார முடியாமல் பெடலின் மேல் எழுந்து நின்று ஓட்ட வேண்டியிருந்தது. வேகம் சரிந்துகொண்டே வந்தது. அகல டயர் பைக்கில் அதே பகுதியை உட்கார்ந்தபடியே, மிதிப்பு அறுபடாமல் கடந்தேன். எதிர்த்திசையில் ஓட்டிப் பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை.

விறைப்பான டயர் ஒவ்வொரு கல்லின் மேல் ஏறும்போதும் பைக்கையும் ஓட்டுபவரையும் சேர்த்தே மேலே தூக்குகிறது. முன்னோக்கிச் செலவாக வேண்டிய ஆற்றல் இப்படி மேலும் கீழுமான ஆட்டத்தில் கரைந்து, கடைசியில் நம் தசைகளில் வெப்பமாகப் போய்ச் சேர்கிறது. குறைந்த காற்றழுத்தத்தில் இருக்கும் அகலமான டயரோ கல்லுக்கு வளைந்து கொடுத்து, நம் எடையைத் தூக்காமலேயே உருண்டுவிடுகிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மி.மீ. டயரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைப்பார் என்றால், 50 மி.மீ. டயரில் 25 பிஎஸ்ஐ வரைக்கும் இறங்கலாம். ஆனால் அகலம் மட்டும் போதாது. பக்கச்சுவர் தடித்து, கையால் அழுத்தினால் மடங்க மறுக்கும் டயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஓடும். மெல்லிய, நெகிழ்வான பக்கச்சுவரும் நடுவில் தாழ்வான பூக்களும் (தரையைப் பற்றும் மேடுகள்) கொண்ட டயரைத்தான் பந்தயத்துக்குப் போட வேண்டும். டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபிரேமில் இல்லாத இடத்தைப் பிறகு உண்டாக்க முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

எடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓட்டுபவர், பைக், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கூடுவதால் செங்குத்தான ஏற்றத்தில் ஏறக்குறைய ஒரு சதவீத நேரம் கூடும். பத்து நிமிட ஏற்றத்தில் ஆறேழு விநாடிகள். சமதளத்தில் அந்தக் கிலோ கணக்கிலேயே வராது. காற்றின் கதை வேறு. காற்றைக் கிழிக்கத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது: மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து 36 கி.மீ. வேகத்துக்குப் போக, காற்றுக்கு மட்டும் 73 சதவீதம் கூடுதல் வாட் கொடுக்க வேண்டும். இருப்பினும் அந்தத் தடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது. ஆகவே காற்றை வழுக்கும் ஃபிரேமைவிட, பல மணி நேரம் தாழ்ந்து குனிந்து ஓட்ட இடம் கொடுக்கும் ஃபிரேமுக்கே என் ஓட்டு. ஸ்டாக் (ஃபிரேமின் முன்பகுதி உயரம்), ரீச் (அது முன்னோக்கி நீளும் தூரம்) என்ற இரண்டு அளவுகளை என் சாலைப் பந்தய பைக்கின் அளவுகளோடு வைத்து ஒப்பிட்டேன். கைப்பிடி சற்றே உயரமாகவும், அகலம் 40 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் இருக்கும்படி தேர்ந்தேன்.

சந்தையில் உள்ளவற்றைப் பார்த்தால், தயாரிப்பாளர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை என்பது தெரியும். 2016-இல் வந்த, 3T என்ற நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரோ, காற்றியல் வடிவமும் அகல டயரும் ஒன்றாக இருக்க முடியும் என்று காட்டியது, 27.5 அங்குலச் சக்கரம் போட்டால் 2.1 அங்குல டயர் வரை அதில் போகும். பின்னால் வந்தவற்றில் 2023-ஆம் ஆண்டின் கேன்யன் கிரெய்ல் 42 மி.மீ., பிஎம்சி கையஸ் 44, ட்ரெக் செக்மேட் 45, எடை குறைவுக்குப் பேர்போன ஸ்பெஷலைஸ்டு க்ரக்ஸ் 47 என்று நிற்கின்றன. இவை யாவும் வேகமான பைக்குகள்தாம். ஆனால் இன்று முன்வரிசை வீரர்கள் பலர் கரடான பாதைகளில் 2 அங்குலத்தைத் தாண்டிய மலை பைக் டயர்களுக்கே போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நான் 50 மி.மீ. டயர் போட்ட பிறகும் இருபுறமும் விரல் நுழையும் அளவு இடம் மிஞ்சும் ஃபிரேமை எடுத்தேன்.

கியரில் அதிகம் குழம்பவில்லை. பெடல் பக்கத்தில் 44 பல் கொண்ட ஒற்றைச் செயின்ரிங்கும், பின்சக்கரத்தில் 10 முதல் 44 பல் வரையுள்ள கேசட்டும் எனக்குப் போதும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மேல் கியரில் மணிக்கு 53 கி.மீ. வரை போகிறது, கீழ் கியர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று.

மாறாக, யாரும் கேட்காத சில சிறு பொருட்களை நெடுநேரம் பார்த்தேன். பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் அழுத்திச் செருகும் வகையாக இருந்தால், மண்ணும் தண்ணீரும் புகுந்தால் முனகத் தொடங்கிவிடுகிறது; மரை போட்டுத் திருகும் வகையை வீட்டிலேயே கழற்றித் துடைத்து மாட்டலாம். கேபிள்கள் ஹெட்செட்டின் (கைப்பிடி திரும்பும் பேரிங் தொகுதி) உள்ளே புகுந்து போகும் அமைப்பில், மேல் பேரிங்கை மாற்ற வேண்டுமென்றால் பிரேக் குழாயையே அறுத்துக் கழற்றும் நிலை வரலாம். 27.2 மி.மீ. வட்டமான சீட் போஸ்ட் லேசாக வளைந்து கொடுத்து முதுகைக் காப்பாற்றுகிறது. மூன்றாவது தண்ணீர்க் குப்பிக்குத் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீண்ட பந்தயத்தில் அது பல வாட்டுகளுக்குச் சமம்.

மறுமொழி 1

மேலே எழுதியவரின் அனுபவத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் சிறிய அளவு ஃபிரேம் ஓட்டும் பெண்ணாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். மிகச் சிறிய அளவில் 700சி எனப்படும் வழக்கமான பெரிய சக்கரமும் 50 மி.மீ. டயரும் சேரும்போது, முன்சக்கரத்தைத் திருப்பினால் காலணியின் முனை டயரில் இடிக்கிறது. வேகமாகச் செல்லும்போது இது தெரியாது. தொடக்கக் கோட்டில் கூட்டத்துக்குள் நகரும்போதும், கொண்டை ஊசி வளைவில் மெதுவாக ஏறும்போதும் தெரியும். நான் ஓட்டிப் பார்த்த ஒரு பைக்கில் இந்த இடிப்பு கால் பெருவிரல் அளவுக்கு இருந்தது. அதனால் அதைத் தவிர்த்து, ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாயும் கோணம்) சற்றுச் சாய்ந்த, முன்பகுதி நீண்ட ஃபிரேமை, கைப்பிடியைப் பிடிக்கும் ஸ்டெம் குட்டையாக இருக்கும்படி எடுத்தேன். பெடலைத் தாங்கும் கிராங்க் 165 மி.மீ.; அதனால் இடிப்பும் குறைந்தது, குனியும்போது இடுப்பும் மடங்க இடம் கிடைத்தது.

எல்லாப் பந்தயத்துக்கும் 50 மி.மீ. தேவை என்பதையும் நான் ஏற்கவில்லை. 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடந்த முதல் யுசிஐ (சர்வதேச சைக்கிள் ஒன்றியம்) கிராவல் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் பிரிவில் ஜியானி வெர்மீர்ஷும் பெண்கள் பிரிவில் பாலின் ஃபெரான்-பிரேவோவும் வென்றார்கள். அந்தப் பாதையின் பெரும்பகுதி இறுகிய மண்ணும் தாருமாக, சாலைப் பந்தயத்தை ஒத்தே ஓடியது. அப்படிப்பட்ட பாதையில் 38 அல்லது 40 மி.மீ. வழவழப்பான டயரே வேகமானது. என் பாதைகள் பெரும்பாலும் அந்த வகை. ஆகவே 45 மி.மீ. இடமுள்ள ஃபிரேமே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மறுமொழி 2

இருவரும் உலர்ந்த தரையை வைத்தே பேசியிருக்கிறீர்கள். டயரைச் சுற்றியுள்ள வெற்றிடத்தின் மதிப்பைச் சேறு வரும்போதுதான் உணர முடியும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தின் முதன்மைத் தூரம் 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. டயரைக் கிழிக்கும் கூரிய சிக்கிமுக்கிக் கற்களுக்குப் பேர் பெற்ற அந்தப் பாதையில், 2023-இல் தொடக்கத்திலேயே பசை போன்ற சேறு வந்தது. சக்கரம் சுழல மறுத்ததால் பலர் பைக்கைத் தோளில் சுமந்து நடந்தார்கள். கியர் மாற்றும் டிரெயிலியர் முறிந்து விலகியவர்களும் உண்டு. அங்கே அனுபவப்பட்டவர்கள் பெயிண்ட் கலக்கும் மரக்குச்சியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள், சேற்றைச் சுரண்டுவதற்கு.

நான் ஓடிய ஒரு பந்தயத்தில் இரவு பெய்த மழைக்குப் பின் களிமண் பகுதி வந்தது. 47 மி.மீ. வரை இடமுள்ள ஃபிரேமில் 42 மி.மீ. டயர் போட்டிருந்தேன். பின்சக்கரத்துக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் இடையில் சேறு சேர்ந்தாலும், சக்கரம் அதைத் தானே வழித்துத் தள்ளிக்கொண்டு சுழன்றது. எனக்கு முன்னால் போனவர் ஃபிரேம் தாங்கும் உச்ச அளவிலேயே டயர் போட்டிருந்தார். களிமண்ணில் ஒட்டி வந்த சிறு கற்கள் அவருடைய கார்பன் ஃபிரேமை அரம் போல உராய்ந்து, பூச்சுக்குக் கீழே இழை தெரியும் வரை தேய்த்துவிட்டிருந்தன. தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவில் ஒவ்வொரு பக்கமும் நான்கு மில்லிமீட்டரோ அதைவிடச் சற்றுக் கூடுதலோதான் மிச்சம் இருக்கும். களிமண்ணுக்கு அது எந்த மூலைக்கு? வானிலை அறிக்கையில் மழை என்று இருந்தால் முந்தின இரவே டயரை ஓர் அளவு குறைத்து, டயரின் ஓட்டையை அடைக்கும் சீலண்டைப் புதிதாக ஊற்றி, டிரெயிலியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்றை உதிரியாகக் குப்பிப் பையில் போட்டுக்கொள்கிறேன். யுடிஹெச் என்ற பொது வகை ஹேங்கர் உள்ள ஃபிரேமாக எடுத்தால், அந்த உதிரியை எந்தக் கடையிலும் எளிதாக வாங்கிவிடலாம்.