குவார்ட்டர்பேக்: ‘கால்பின்னர்’ வேண்டாம், ‘ஏவுநர்’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்கக் கால்பந்துச் சொற்களைத் தமிழாக்கும் நம் பட்டியலுக்கு நம்மில் ஒருவர் எழுதியது:

> குவார்ட்டர்பேக் – கால்பின்னர்; டிரான்ஸ்ஃபர் – இடமாற்றம்; டெப்த் – ஆழம். முடித்துக்கொள்ளலாமா?

முடிக்க வேண்டாம் ஐயா. மூன்றிலும் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் கால்பின்னர். அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை வைத்து முழு, அரை, கால் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கணக்கு அவர்களுக்கே இன்று மறந்துபோயிற்று. தமிழில் ‘கால்பின்னர்’ என்றால் படிப்பவர் காலைத்தான் பார்ப்பார். பந்தைப் பெரும்பாலும் கையில் வைத்து ஆடும் விளையாட்டுக்குக் கால்பந்து என்று பெயர் இருப்பதே போதாதா, இன்னொரு கால் எதற்கு?

அவர் செய்யும் வேலையிலிருந்து தொடங்குவோம். வியூகத்தைச் சொல்லி மற்றப் பத்துப் பேரையும் ஏவுகிறார். பந்து கைக்கு வந்ததும் அதையும் ஏவுகிறார். அம்பை ஏவுவதும் ஆளை ஏவுவதும் தமிழில் ஒரே வினை. இப்படித் தானாக வந்து பொருந்தும் சொல் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆகவே ஏவுநர். ஓட்டுநர், பெறுநர் போல ‘நர்’ விகுதிதான், ‘னர்’ போடாதீர்கள். ‘ஏவலர்’ என்று சுருக்கினால் ஏவல் கேட்கும் ஆளாகிவிடுவார், தலைகீழ். (பில்லி, சூனியம், ஏவல் நினைவுக்கு வருகிறது என்று தனிமடலில் எழுதிய அன்பருக்கு: எனக்கும் வந்தது. பழகினால் போய்விடும்.)

அடுத்தது இடமாற்றம். மாற்றுதல் பிறவினை; மாறுதல் தன்வினை. இடமாற்றம் என்றதும் மேலதிகாரி கையெழுத்துப் போட்டு ஆளை வேறு ஊருக்குத் தூக்கியடிக்கும் காட்சிதான் தெரிகிறது. ஏவுநர் ஜோ பரோவை யாரும் தூக்கியடிக்கவில்லை. ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வாய்ப்புக்குக் காத்துப் பார்த்துவிட்டு 2018-இல் அவராகவே எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனார், மறு ஆண்டு கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார். இது மாறுதல். நம் ஆசிரியர்கள் தாமே விண்ணப்பித்துப் போவதற்கு ‘மாறுதல் கலந்தாய்வு’ என்று அரசே சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறது. எனவே கல்லூரி மாறுதல்.

இந்த மாறுதலுக்கான ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்பதில் போர்ட்டலை ‘வாயில்’ ஆக்கவும் தேவையில்லை. 2018 அக்டோபரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ தொடங்கியது உண்மையில் ஒரு பெயர்ப் பதிவேடுதான். மாற விரும்பும் மாணவரின் பெயர் அதில் ஏறிவிட்டால் மற்றக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பேசலாம். ‘மாறுவோர் பதிவேடு’ என்றால் விளக்கமே வேண்டாம். ஒருமுறை மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்ற விதி 2021-இல் வந்தது. 2024-இல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. இரண்டாமிடத்தில் இருப்பவர் ஏன் பொறுமையாக உட்கார்ந்திருக்கப் போகிறார்?

இங்கேதான் ‘ஆழம்’ மூழ்குகிறது. டெப்த் என்று அவர்கள் சொல்வது, ஓர் இடத்தில் ஆட எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்பதை. தமிழில் ஆழம் கிணற்றுக்கு உண்டு, படிப்புக்கு உண்டு. ஆள் கணக்குக்கு இல்லை. 2023-இல் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 18 அன்று ஏவுநர் ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து வெளியேறினார் (அவரே லூயிவில் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர்). அடுத்த ஆட்டத்தில் இறங்கிய டேட் ரோடமேக்கருக்குத் தலையில் அடி. ஏசிசி என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தை முதலாண்டு மாணவர் பிராக் கிளென் தொடங்கினார். அதே லூயிவில்லை 16–6 என்று வென்றார்கள். பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்றும் வெற்றி. ஆனாலும் டிராவிஸ் இல்லாத அணி என்று தேர்வுக்குழு தேசியக் கோப்பைக்கு மோதும் நான்கு அணிகளின் பட்டியலில் சேர்க்கவில்லை. அப்புறம் ரோடமேக்கரும் பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டார். டிசம்பர் 30, பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு பவுல் ஆட்டம்: ஜார்ஜியா 63, புளோரிடா ஸ்டேட் 3. வேறு பலரும் அன்று ஆடவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஏவுநர் இடத்தில் மட்டும் பாருங்கள், மூன்றாமவர்தான் மிச்சம்.

அங்கே தீர்ந்துபோனது கையிருப்பு. பணத்துக்குச் சொல்வதை ஆளுக்குச் சொன்னால் ஆளிருப்பு. “ஏவுநர் ஆளிருப்பு போதவில்லை” என்று எழுதிப் பாருங்கள், செய்தித்தாள் வாக்கியம் போலவே இருக்கிறது.

> பேக்கப் என்பதற்குப் பதிலி?

உள்ளே இறங்கிய பிறகு பதிலி சரி. வெளியே காத்திருப்பவர் இன்னும் யாருக்கும் பதிலி ஆகவில்லையே. இரண்டாம் ஏவுநர், மூன்றாம் ஏவுநர் என்று எண் போட்டுவிடலாம். 2014 பருவத்தில் ஓஹியோ ஸ்டேட்டுக்குத் தேசியக் கோப்பை வாங்கித் தந்த கார்டேல் ஜோன்ஸ் அப்படி ஒரு மூன்றாம் ஏவுநர்தான்.

ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். அடுத்து, முன்வரிசை நடுவில் நின்று பந்தை ஏவுநரிடம் பின்னால் தள்ளிவிடும் சென்டர். அவசரப்பட்டு ‘நடுவர்’ என்று போட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் விசிலோடு நிற்கிறார்.