ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து ஆடிவிடாத போர்டு கேம் எது?

மழைமேகம்:

வணக்கம். வார இறுதியில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து ஆடுவோம், சில நாள் ஆறு பேர். அப்பா, அம்மா, அண்ணன், நான், அக்காவின் மகள் (9 வயது), அப்புறம் என் தோழி வந்தால் அவளும். எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து ஜெயிக்கிற விளையாட்டுகள்தான் எங்களுக்கு ஒத்துவருகின்றன, ஏனென்றால் அம்மாவுக்கு யாரையும் தோற்கடிக்க மனசு வராது, குட்டிக்குத் தோற்கவே பிடிக்காது.

சிக்கல் என்னவென்றால் என் அண்ணனுக்கு எந்த ஆட்டமும் சட்டென்று பிடிபட்டுவிடும். எல்லோரும் சேர்ந்து நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கும் பான்டமிக் என்ற விளையாட்டில் நாங்கள் சீட்டுகளை மேசையில் திறந்தே வைத்து ஆடுகிறோம். அவன் நாலு பேர் சீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க அந்த ஊருக்குப் போங்க, ரெண்டு க்யூபை எடுங்க, சிவப்புச் சீட்டை அவகிட்ட கொடுங்க" என்று சொல்லிவிடுவான். சொல்வது சரியாகவும் இருக்கும். அம்மா அப்படியே செய்வார். போன வாரம் நான்கு நோய்க்கும் மருந்து கண்டுபிடித்து ஜெயித்தோம். பெட்டியை மூடும்போது குட்டி அவனைப் பார்த்து, "மாமா, இதுல நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். அவன் முகம் வாடிவிட்டது. வேறு ஏதாவது பாருங்கள் என்று என்னிடம் சொன்னதே அவன்தான்.

சமீப வருடங்களில் வந்தவற்றில், விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய, ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காத விளையாட்டு எதையாவது நீங்கள் வீட்டில் ஆடிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பகடைப்பிரியன்:

உங்கள் அண்ணன் மேல் தப்பில்லை, உங்களிடம் இருக்கும் விளையாட்டு அப்படி அமைந்திருக்கிறது. எல்லாத் தகவலும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால், யாருக்கு வேகமாகக் கணக்குப் போட வருகிறதோ அவர்தான் ஆட்டத்தை நடத்துவார். ஒவ்வொருவர் கையிலும் மற்றவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. அப்படி ஒரு விதி இருந்தாலே போதும், யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது.

நான் முதலில் சொல்வது பாம் பஸ்டர்ஸ். ஹிசாஷி ஹயாஷி வடிவமைத்தது, ஷ்பீல் டெஸ் யாரெஸ் என்ற ஜெர்மன் விருதை 2025ல் வாங்கியது. எல்லோரும் சேர்ந்து ஒரு வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். 1 முதல் 12 வரை எண் போட்ட நீல வயர்கள், ஒவ்வொரு எண்ணிலும் நான்கு. அவற்றைக் கலைத்துப் பங்கிட்டு, அவரவர் தன் பக்கம் மட்டும் தெரியும்படி சின்ன ஸ்டாண்டில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி வைப்பார்கள். உங்கள் முறை வரும்போது எதிரே இருப்பவரின் ஒரு வயரைத் தொட்டு "இது 7" என்பது போலச் சொல்ல வேண்டும், உங்களிடமும் அதே எண் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் இரண்டும் வெட்டப்படும். தப்பாக இருந்தால் குண்டு வெடிப்பதைக் காட்டும் முள் ஒரு படி நகரும், ஆனால் அந்த வயரின் உண்மையான எண்ணை அதன் முன்னால் டோக்கனாக வைத்துவிடுவார்கள், அதனால் தப்பும் ஒரு துப்பாகிவிடுகிறது. சில பணிகளில் சிவப்பு வயர்களும் கலந்திருக்கும், அதைத் தொட்டால் அங்கேயே முடிந்தது.

வரிசையாக அடுக்கியிருப்பதில்தான் சுவாரஸ்யமே. ஒரு நாள் என் மனைவியின் ஸ்டாண்டில் இடது ஓரத்திலிருந்து மூன்றாவது வயருக்கு முன்னால் 4 என்ற டோக்கன் இருந்தது. ஐந்தாவது வயருக்கு முன்னால் 5. நீல வயர்கள் மட்டுமே இருந்த பணி அது, அதனால் நடுவில் இருப்பது 4 அல்லது 5தான், வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. என் மகன் (அவனுக்கும் உங்கள் குட்டி வயதுதான்) கையைத் தூக்கிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தான், அவன் கையில் 5 மட்டும் இருந்தது, 4 இல்லை. நாங்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "அஞ்சு" என்றான். சரியாக இருந்தது. அன்று இரவு தூங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மொத்தம் 66 பணிகள், ஆரம்பத்தில் இருப்பவை சுலபமாக இருக்கும், போகப்போக ஒரு விதியாகச் சேர்ந்துகொண்டே வரும். பெட்டியில் 10 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது, ஆனால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் 9 வயதுக் குழந்தைக்கு முதல் சில பணிகள் கஷ்டமாக இருக்காது. ஒரே குறை, ஐந்து பேர்தான் ஆட முடியும்.

அதே குணமுள்ள இன்னொன்று தி க்ரூ. 2019ல் வந்தது, தாமஸ் ஸிங் வடிவமைப்பு. துருப்பு வைத்து ஆடும் சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். வழக்கமான சீட்டாட்டத்தில் சுற்றைப் பிடிப்பதே குறி, இங்கே இன்னாருக்கு இன்ன சீட்டு போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கும், எல்லோரும் சேர்ந்து அதை நடத்திக் காட்ட வேண்டும். பேசக் கூடாது. ஒரு பணிக்கு ஒரே ஒரு தடவை ஒரு சீட்டைக் கீழே திறந்து வைத்து, அந்த நிறத்தில் என்னிடம் இருப்பதிலேயே இதுதான் பெரியது, அல்லது சிறியது, அல்லது இது ஒன்றுதான் இருக்கிறது என்று டோக்கனால் காட்டலாம், அவ்வளவுதான். அப்பாவுக்குச் சீட்டாட்டப் பழக்கம் இருந்தால் இதை யோசியுங்கள், இல்லையென்றால் பாம் பஸ்டர்ஸ் போதும்.

கடைசிக்கட்டம்:

ஆறு பேர் என்றால் ஜஸ்ட் ஒன். 3 முதல் 7 பேர் வரை ஆடலாம், 8 வயது போதும், 2019ல் அதே ஜெர்மன் விருதை வாங்கியது. ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும், அவருக்கு மட்டும் சொல் தெரியாது. மற்ற எல்லோரும் அவரவர் பலகையில் ரகசியமாக ஒரே ஒரு சொல் துப்பு எழுத வேண்டும். எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் அந்த இரண்டையும் மறைத்துவிட வேண்டும். மிச்சமிருப்பதை மட்டும் காட்டலாம். இங்கே உங்கள் அண்ணனின் வேகத்துக்கு வேலையில்லை, முதலில் தோன்றும் நல்ல துப்பு இன்னொருவருக்கும் தோன்றியிருக்கும், அது அழிந்துவிடும்.

இதற்குப் பெட்டி வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உள்ளே இருக்கும் சொற்கள் பிறமொழியில் இருக்கும், நாங்கள் ஆளுக்குப் பத்துச் சொல் தமிழில் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடுகிறோம். தமிழில் ஆடும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மரம், மரங்கள், மரத்தடி எல்லாம் ஒரே சொல்லாகத்தான் கணக்கு. இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் வாக்குவாதம் வரும்.

ஸோ க்ளோவர் என்று இதே போல இன்னொரு சொல் விளையாட்டு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் ஒருவர் எழுதிய துப்புகளை மற்றவர்கள் கூடிப் பேசி விடுவிக்க வேண்டும், அந்தப் பேச்சில் உங்கள் அண்ணன் மறுபடியும் முன்னால் வந்துவிடுவார். கொஞ்ச நாள் கழித்துப் பாருங்கள்.

நீலஓடு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சேர்ந்து ஜெயிக்கும் விளையாட்டுதான் வேண்டும் என்று ஏன் கட்டுப்பட வேண்டும்? அம்மாவுக்கு யாரையும் தோற்கடிக்க மனமில்லை என்றால், அடுத்தவரைத் தொடாமல் அவரவர் பலகையில் அவரவர் ஏதாவது கட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டுகள் இருக்கின்றன. காஸ்கேடியா அப்படித்தான். 2021ல் வந்தது, ராண்டி ஃப்ளின் வடிவமைத்தது. நடுவில் நான்கு ஜோடி இருக்கும், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நில ஓடும் ஒரு விலங்கு வில்லையும். ஒரு ஜோடியை எடுத்து உங்கள் நிலத்தில் சேர்க்க வேண்டும், ஆளுக்கு 20 முறை வந்ததும் முடிந்தது. கரடி ஜோடியாக இருக்க வேண்டும், சால்மன் மீன் வரிசையாக ஓட வேண்டும், பருந்துக்குப் பக்கத்தில் இன்னொரு பருந்து ஆகாது, நரிக்குச் சுற்றிலும் விதவிதமான விலங்குகள் இருந்தால் மதிப்பு அதிகம். சின்னப் பிள்ளைகளோடு ஆடுவதற்கென்றே எளிமையான புள்ளி முறையும் உள்ளே இருக்கிறது.

என் அம்மா எந்த விளையாட்டுக்கும் வராதவர். இதில் முதல் தடவை உட்கார்ந்தபோது புள்ளியைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஆற்றை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு அறுபடாமல் கொண்டு போவதிலேயே குறியாக இருந்தார். ஆட்டம் முடிந்து எண்ணும்போது தொடர்ந்து ஓடும் நிலத்துக்குத் தனியாகப் புள்ளி உண்டு என்று சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அசூல் என்ற ஓடு அடுக்கும் விளையாட்டு வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் பரிந்துரைப்பார்கள். எனக்கு உயிர் அது, இரண்டு பேராக ஆடினால் அதைவிட நல்லது கிடையாது. ஆனால் வைக்க இடமில்லாத ஓடுகள் கீழ் வரிசையில் விழுந்தால் புள்ளி குறையும், அந்த வரிசை நிரம்பினால் மொத்தம் 14 போய்விடும். ஆட்டம் தெரிந்தவர் வேண்டுமென்றே அதை அடுத்தவர் தலையில் கட்ட முடியும். குட்டி அழுதுவிடுவாள். காஸ்கேடியா, அசூல் இரண்டுமே நான்கு பேருக்குத்தான், அதுவும் உங்களுக்கு இடிக்கும், இருந்தாலும் அம்மாவும் குட்டியும் நீங்களும் மட்டும் இருக்கும் மாலை வேளைகள் வருமில்லையா.

மூன்றாம்கை:

ஃபிளிப் 7. எத்தனை பேர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம், விளக்க இரண்டு நிமிடம். 12 என்ற சீட்டு 12 இருக்கும், 11 என்ற சீட்டு 11, இப்படியே இறங்கி 1 ஒன்று, 0 ஒன்று. சீட்டைத் திருப்பிக்கொண்டே போகலாம், கையில் இருக்கும் எண் மறுபடி வந்தால் அந்தச் சுற்றில் உங்களுக்கு ஒன்றுமில்லை. பயமாக இருந்தால் போதும் என்று நிறுத்திப் புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். ஏழு வெவ்வேறு எண் திருப்பினால் கூடுதலாக 15, அதோடு சுற்றும் முடிந்துவிடும். முதலில் யாராவது 200ஐத் தொட்டால் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும், அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தார். கெட்டிக்காரத்தனத்துக்குப் பெரிய இடமில்லாததால் தோற்றாலும் குழந்தைகளுக்கு வலிப்பதில்லை, "இன்னொரு ஆட்டம்" என்றுதான் கேட்பார்கள்.

மழைமேகம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பெட்டி எதுவும் வாங்காமல் நேற்றே ஜஸ்ட் ஒன் முறையில் தாளில் எழுதி ஆடினோம், ஆறு பேர். ஒரு சுற்றை மட்டும் சொல்கிறேன். நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொல் "நிழல்", எனக்குத் தெரியாது. அப்பாவும் அண்ணனும் "வெயில்" என்று எழுதியிருக்கிறார்கள், இரண்டும் போனது. அம்மாவும் தோழியும் "மரம்", அதுவும் போனது. மிச்சம் இருந்தது குட்டி எழுதிய ஒரே தாள், அதில் கோணல்மாணலாக "பின்னாடியே" என்று இருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். நாய் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "நிழலா?" என்றேன். அண்ணன் எழுந்து நின்று குட்டியைத் தூக்கிக்கொண்டான்.

பாம் பஸ்டர்ஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சீட்டாட்டம் தெரியாது, அதனால் தி க்ரூ இப்போதைக்கு இல்லை. இன்னொரு கேள்வி: அண்ணனும் நானும் மட்டும் இருக்கும்போது ஆட ஏதாவது உண்டா? அவனிடம் நானும் கொஞ்சம் கட்டளை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பகடைப்பிரியன்:

ஸ்கை டீம், இரண்டு பேருக்கு மட்டுமேயானது, 2024ல் அதே ஜெர்மன் விருதை வாங்கியது. ஒருவர் விமானி, ஒருவர் துணை விமானி, சேர்ந்து விமானத்தைத் தரையிறக்க வேண்டும். பகடையை உருட்டுவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டம் பேசலாம். உருட்டிய பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆளுக்கு நான்கு பகடை, ஒவ்வொன்றாக மாறி மாறி வைக்க வேண்டும். விமானம் சாய்வதும் வேகம் கூடுவதும் இரண்டு பேர் வைத்த எண்களையும் பொறுத்துத்தான் முடிவாகும். அவர் உங்களை நம்பித்தான் ஆக வேண்டும், நீங்களும் அவரை.

பாம் பஸ்டர்ஸ் வந்ததும் ஒன்றை மறக்காதீர்கள். எல்லோரும் வயர்களை அடுக்கி முடித்ததும், தொடங்குவதற்கு முன் அவரவர் வரிசையை இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு வயரை இடம் மாற்றி வைத்திருந்தாலும் மற்றவர்கள் போடும் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும், எங்களுக்கு ஒரு முறை பாதி ஆட்டத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் கேப்டன் பொறுப்பை முதலில் குட்டிக்குக் கொடுங்கள்.